எட்டடிக் கடையில் ஓடிய நீலக் கோடு

"எறக்காதீங்கப்பா, நான் இன்னும் சரின்னு சொல்லலை" என்று சேர்மக்கனி கத்திக்கொண்டிருக்கும்போதே டிராக்டரிலிருந்து நானூறு செங்கல் இறங்கி, கடை வாசலில் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியாகிவிட்டது. செங்கலுக்குக் காசு கிடையாது. வெண்கொக்கு சோப்புக் கம்பெனி ஆஃபரில் கொடுத்தது. அந்தக் கம்பெனி இதுவரை ஆஃபரில் பிளாஸ்டிக் வாளி கொடுத்திருக்கிறது, எவர்சில்வர் டம்ளர் கொடுத்திருக்கிறது, ஒரு வருஷம் காலண்டர்கூடக் கொடுத்தது. செங்கல் இதுதான் முதல் தடவை.

கடைக்குள் மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேருக்கும் இந்தக் கடையில் ஒரு சுவர் வேண்டும்.

"சுவரு கெழக்கே தள்ளி வரணும், அந்தா அந்த மல்லி மூடைக்கு அங்கிட்டு" என்றார் பொன்னுத்துரை. அவர் ஊரின் மேற்குப் பாதிக்கு வெண்கொக்கு ஏஜென்ட்.

"இல்ல மாமா. மேற்கே தள்ளி, மிட்டாய் பாட்டிலுக்கு இங்கிட்டு" என்றான் ரூபன். அவன் கிழக்குப் பாதிக்கு ஏஜென்ட். பொன்னுத்துரையின் சொந்த மருமகன்.

"எங்க வந்தாலும் சரி சார். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தாகணும்" என்றார் பிரபாகர். அவர் கம்பெனி மேனேஜர், மதுரையிலிருந்து வருகிறவர், கையில் டேப்லெட் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. "அண்ணாச்சி, நான் சொல்றதக் கேளுங்க. ஒரு கடைக்கு ஒரு ஏஜென்சிதான். இதுல அப்படித்தான் ஏத்த முடியும். உங்க கடைக்குள்ள ரெண்டு ஏஜென்சி இருக்கு. அப்ப இது ரெண்டு கடை. ரெண்டு கடைன்னா நடுவுல சுவர் இருக்கணும்ல?"

"கடையே எட்டடிதான சார்" என்றார் சேர்மக்கனி.

"நாலும் நாலும் எட்டு."

"சுவரு முக்கால் அடி தின்னுருமே."

பிரபாகர் டேப்லெட்டைப் பார்த்தார். சுவரின் கனத்தைப் போட அதில் இடமில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள சுவர் இல்லைன்னா ரெண்டு பக்கத்துச் சரக்கும் நின்னுரும். சோப்பு மட்டுமில்ல, எண்ணெய், டீத்தூள், தீப்பெட்டி, எல்லாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

வெண்கொக்குச் சரக்கு இல்லாத கடைக்குள் கொடுக்காவிளையில் ஈகூட நுழையாது. சுவர் எழுப்பினால் மூன்றரை அடிச் சந்தில் அரிசி மூடையைத் திருப்ப முடியாது. எழுப்பாவிட்டாலும் கடை போச்சு, எழுப்பினாலும் கடை போச்சு. ஷட்டர் ஒன்றுதான், நடுவில் சுவர் வந்தால் அது எப்படி இறங்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சேர்மக்கனியின் மனைவி வடிவு வேறொன்று கேட்டாள். "அப்ப நீங்க எந்தக் கடையில நிப்பிய, நான் எந்தக் கடையில நிக்க? கல்லாப்பெட்டி யாருக்கு?"

சேர்மக்கனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாற்பத்தேழு வயசில் ஒரு மனுஷனுக்கு இத்தனை விஷயம் ஒரே நேரத்தில் விளங்காமல் போகக்கூடாது.

கோடு வந்து அன்றைக்கு நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் கொடுக்காவிளை முழுக்கப் பொன்னுத்துரை ஒருவர்தான் ஏஜென்ட். கம்பெனியிலிருந்து ஊருக்குள் ஒரு சோப்பு வரவேண்டுமென்றால் அது அவர் குடோனில் படுத்து எழுந்துதான் வரவேண்டும், ஊரிலிருந்து கம்பெனிக்கு ஒரு சொல் போகவேண்டுமென்றால் அது அவர் வாய் வழியாகத்தான் போகவேண்டும், கம்பெனியே அவரைக் கேட்டுத்தான் கொட்டாவி விடும் என்று பஜாரில் சொல்வார்கள். பத்துப் பெட்டி சோப்பு கேட்டால் ஒரு பெட்டி பற்பசையைத் தலையில் கட்டுவார். அந்தப் பற்பசையை ஊரில் யாரும் தேய்க்க மாட்டார்கள், சைக்கிள் ரிம்முக்குத்தான் போடுவார்கள், ரிம் பளபளவென்று இருக்கும். கடைக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனி அனுப்பிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றுகூட எந்தக் கடைக்கும் போகவில்லை, ஆனால் அவர் மகள் கல்யாணப் பந்தியில் தண்ணீர் வைத்த ஆயிரம் டம்ளரிலும் ஒரு கொக்கு நின்றது. அவர் கெட்டவர் இல்லை, நல்லவரும் இல்லை, ஏஜென்ட், அவ்வளவுதான்.

அவர் கையை ஒடிக்கவேண்டும் என்று கம்பெனி நினைத்தது. வெளியாளுக்குப் பாதி ஊரைக் கொடுத்தால் சண்டை தெருவுக்கு வரும், வீட்டாளுக்குக் கொடுத்தால் சண்டை வீட்டுக்குள்ளேயே கிடந்து செத்துப்போகும் என்று கணக்குப் போட்டு, மருமகன் ரூபனுக்குக் கிழக்கைக் கொடுத்தது. பிரபாகர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஊர் மேப்பை விரித்து, வடக்கிலிருந்து தெற்காக நீலப் பேனாவால் ஒரே இழுப்பாக இழுத்தார். மேப்புக்கு அடியில் ஒரு வடைத்துணுக்கு கிடந்தது. பேனா அதில் ஏறி இறங்கியபோது கோடு லேசாக வளைந்தது. அந்த வளைவு இல்லாமல் இருந்தால் கோடு சேர்மக்கனி கடைக்கும் பக்கத்து மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்த சாக்கடையோடு போயிருக்கும்.

மறுநாள் காலையில் ஊர் எழுந்தபோது கோடு தரையில் கிடந்தது.

பேனா மை நீலம், ஒரு விரல் தடிமன். அது வடக்கே கண்மாய்க் கரையில் ஏறி, அம்மன் கோயிலைக் கோயில் மேற்கிலும் கொடிமரம் கிழக்கிலுமாகப் பிரித்து, ஆரம்பப் பள்ளியில் மூணாம் வகுப்புக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒரு எருமையின் மேல் ஏறி இறங்கி, பஜாரைக் குறுக்கே வெட்டி, சேர்மக்கனி கடை ஷட்டருக்கு அடியில் நுழைந்து, மல்லி மூடையை உரசிக்கொண்டு, பின்பக்கம் வடிவு வாசல் தெளித்துப் போட்டிருந்த கோலத்தையும் தாண்டி, தெற்கே உப்பளம் வரைக்கும் போனது. தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லை, மண்ணெண்ணெய் ஊற்றினாலும் போகவில்லை. எருமை எழுந்து போனபோது கோடு அதன் முதுகிலிருந்து வழுகித் தரையிலேயே தங்கிவிட்டது.

அன்றைக்கே, கோட்டுக்குக் கிழக்கே விழுந்த எதிர்வீட்டு ராஜபுஷ்பம் ஈரச் சோப்போடு கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, இது என்ன சோப்பா, கூழாங்கல்லா? கை தேஞ்சு ரேகையே போச்சு, நுரை வரல."

சேர்மக்கனி அதை வாங்கிக் கடைக்குள் ஒரு சட்டித் தண்ணீரில் தேய்த்தார். நுரை பொங்கி வழிந்தது. "ஒனக்குத் தேய்க்கத் தெரியல, புஷ்பம்."

"ஆமா, நாப்பது வருஷமா வேற யாரு வந்து தேச்சா? வாரும், எங்க வீட்டுல வந்து தேச்சுக் காட்டும்."

சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோட்டைத் தாண்டிய நொடியில் நுரை அத்தனையும் அணைந்தது. திரும்பி இந்தப் பக்கம் வந்தால் பொங்கியது, அந்தப் பக்கம் போனால் செத்தது. பொன்னுத்துரை குடோன் சோப்பு கிழக்கே நுரைக்கவில்லை, ரூபன் குடோன் சோப்பு மேற்கே நுரைக்கவில்லை. கோட்டின் மேலேயே வைத்துத் தேய்த்தால் கட்டியில் பாதி மட்டும் நுரைத்தது.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கொடுக்காவிளையில் குழாய்த் தண்ணீர் ஏன் நாலு நாளைக்கு ஒருக்கா வருகிறது என்றும் யாரும் கேட்டதில்லை. வந்ததை வைத்துக் குடித்தனம் நடத்துவதுதான் ஊர் வழக்கம். மூணாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளை மேற்குப் பிள்ளைகள், கிழக்குப் பிள்ளைகள் என்று பிரித்து உட்கார வைத்து, சத்துணவுக்கு முன்னால் கை கழுவ இரண்டு சோப்பு வைத்தாள். கோடு கிணற்றடியில் ஓடிய வீடுகளில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரே வாளியில் குளித்தார்கள். பஸ் கண்டக்டர் "கோடு ஸ்டாப் எறங்கு" என்று விசில் ஊதினார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பையனுக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். பெண் மேற்கிலிருந்து கிழக்கே போனால், பழகிய சோப்பு நுரைக்காத வீட்டில் அவள் எப்படிக் காலம் தள்ளுவாள் என்று மேற்குத் தாய்மார்கள் முந்தானையால் மூக்கைச் சிந்தினார்கள். ஆவணியில் நடந்த கோயில் கொடையில் சாமியாடியவர் கோட்டுக்கு முன்னால் வந்ததும் நின்று, வேட்டியைத் தூக்கிப் பிடித்து, சேற்றைத் தாண்டுவதுபோலத் தாண்டி, அந்தப் பக்கம் போய் விட்ட இடத்திலிருந்து ஆடினார்.

பொன்னுத்துரையும் ரூபனும் முதல் வேலையாகக் கைமாத்தை நிறுத்தினார்கள். கைமாத்து என்றால் ஒன்றும் பெரிசில்லை. ஒரு கடையில் சரக்குத் தீர்ந்தால் பக்கத்துக் கடையில் ஒரு பெட்டி எடுத்துக்கொள்வது, தன் சரக்கு வந்ததும் ஒரு பெட்டியைத் திருப்பி வைப்பது. பில்லும் கிடையாது, சீட்டும் கிடையாது. பஜார் தோன்றிய நாளிலிருந்து நடக்கிறது. "கோட்டைத் தாண்டி எவன் கைமாத்து குடுத்தாலும் அவனுக்குச் சரக்கு கெடையாது" என்று மாமனும் சொன்னார், மருமகனும் சொன்னான். இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். எப்படியும் அந்தப் பக்கம் நுரைக்கப் போவதில்லை என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். நுரைக்கிறதா இல்லையா என்று ஒருத்தரும் கொடுத்துப் பார்க்கவில்லை.

மற்ற கடைகள் ஏதாவது ஒரு பக்கம் விழுந்தன. சேர்மக்கனி கடை மட்டும் இரண்டு பக்கமும் விழுந்தது. மேற்கு அலமாரியில் பொன்னுத்துரை சரக்கு, கிழக்கு அலமாரியில் ரூபன் சரக்கு. வருகிறவரிடம் முதலில் வீடு எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் அவர் கையை நீட்டுவார்.

பத்தாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, நாலு மணிக்கு ஏற்றியபோது கோடு ஒரு சாண் மேற்கே நகர்ந்து கிடந்தது. அன்று காலை ரூபன் சரக்கு அதிகம் போயிருந்தது. மறுநாள் பொன்னுத்துரை சரக்கு அதிகம் போனது, கோடு ஒன்றரைச் சாண் கிழக்கே வந்தது. வாசலுக்கு வெளியே கோடு கல்லுமாதிரி அசையாமல் கிடந்தது, கடைக்குள் மட்டும் கொடிக்கயிறுமாதிரி ஆடியது. பின்கட்டில் படுத்திருந்த வடிவுக்கு அது நகரும் சத்தம் கேட்கும். "அரிசி மூடைய இழுக்க மாதிரி இருக்கு. ஒங்களுக்குக் கேக்கலையா?" என்பாள். சேர்மக்கனிக்குக் கேட்டதில்லை. அவர் சாப்பிட்டால் தூங்கிவிடுவார்.

இந்த எட்டடியைத் தாண்டிக் கடையின் பக்கச் சுவருக்கு வெளியே கோட்டைத் தள்ளிவிட்டால், அது அறுத்துக்கொண்டு போய் ஊர் முழுக்க நம்ம பக்கம் வந்துவிடும் என்று யாரோ பொன்னுத்துரையிடம் சொன்னார்கள். அதே ஆளோ, வேறு ஆளோ ரூபனிடமும் சொன்னார்கள். உண்மையா என்று யாருக்கும் தெரியாது.

பொன்னுத்துரை கடைக்கு வந்து அரிசி மூடைமேல் உட்கார்ந்தார். "ஏல சேர்மா. ஒன் கல்யாணத்துக்கு நான் செஞ்ச மோதிரம் இன்னும் கையில கெடக்கா?"

"கெடக்கு அண்ணாச்சி."

"அப்ப நீ யாரு ஆளு?"

ரூபன் வந்தால் உட்கார மாட்டான், நின்றே பேசுவான். "அண்ணாச்சி, மாமா ஒங்க தலையில கட்டுன பற்பசை எத்தனை பெட்டி? மறந்துட்டியளா? நான் அப்படிக் கட்டுனேனா?"

"கட்டலப்பா."

"அப்ப நீங்க யாரு ஆளு?"

சேர்மக்கனி இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக அவரை யாரும் இப்படி வந்து கெஞ்சியதில்லை, மிரட்டியதுமில்லை. ஒரு சில்லறைக் கடைக்காரரிடம் யாருக்கு என்ன பேச்சு? கொடுப்பதை வாங்கி வைத்துக்கொண்டு விற்கவேண்டியது, அவ்வளவுதானே. இப்போது ராத்திரி படுத்தால் இரண்டு கேள்வியும் ஒரே கேள்வியாகக் காதில் கேட்டது.

பிறகு இரண்டு பேரும் ஒரு காரியம் செய்தார்கள். ஏஜென்ட் புத்திக்குத்தான் அது தோன்றும். தங்கள் சரக்கைத் தாங்களே வாங்க ஆரம்பித்தார்கள். காலையில் ரூபன் வேன் வந்து இருபது பெட்டி இறக்கும், பதினோரு மணிக்கு ரூபன் ஆட்கள் வந்து அதே இருபது பெட்டியைச் சில்லறை விலைக்கு வாங்கித் தூக்கிக்கொண்டு போவார்கள். பொன்னுத்துரை அதைக் கேள்விப்பட்டு இருபத்தைந்து பெட்டி வாங்குவார். ரூபன் முப்பது. கோடு ஒரு நாள் மிட்டாய் பாட்டிலைத் தொடும், ஒரு நாள் மல்லி மூடையைத் தொடும். சேர்மக்கனி தினமும் அலமாரியை இழுத்து இழுத்து வைத்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. வியாபாரம் என்னவோ கொழித்தது. ஆனால் அது வியாபாரமா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

வாங்கிய சரக்கை ரூபன் திரும்ப விற்கவில்லை. ஒரு தடவை விற்ற சோப்பை மறுபடி விற்றால் கோடு பின்னால் போய்விடும் என்று அவனாக நினைத்துக்கொண்டான். அதனால் அவன் குடோன் தரையிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் வரைக்கும் விற்றுப்போன சோப்பால் நிறைந்தது. கம்பெனி லாரி புதுச் சரக்கோடு வந்தது, இறக்க இடமில்லை என்று திரும்பிப் போனது. இப்படியாக, குடோன் நிறையச் சோப்பை வைத்துக்கொண்டு கிழக்குக் கொடுக்காவிளை சோப்பில்லாமல் போனது. எட்டு நாள். பள்ளிக்கூடத்தில் கிழக்குப் பிள்ளைகளின் காலர் கறுத்தது. சாம்பலில் துவைத்தார்கள், சீயக்காயில் துவைத்தார்கள். கிழக்கே காற்றே புளித்த வாடை அடித்தது.

பிரபாகருக்கு இதெல்லாம் டேப்லெட்டில் தெரியவில்லை. ஒரு கடை, இரண்டு ஏஜென்சி, கோடு நிற்க மாட்டேன் என்கிறது என்று மட்டும்தான் தெரிந்தது. நடுவில் ஒரு சுவரை வைத்துவிட்டால் கோடு அதற்கு அப்புறம் எங்கே நகரும்? அதனால்தான் செங்கல்.

செங்கல் வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, ராஜபுஷ்பம் கடைக்கு வந்து அந்த அடுக்கின் மேலேயே உட்கார்ந்தாள்.

"என்ன புஷ்பம்?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் மேற்கு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சோப்பு நாலு வரிசை நின்றது. அவள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றுப் பதினாலு நாள் ஆகியிருந்தது. வீடு நிறையத் தொட்டில் துணி. வியாழக்கிழமை சம்பந்தி வீட்டார் பேர் வைக்க வருகிறார்கள்.

"எங்க சம்பந்தியம்மா மூக்கு ஒங்களுக்குத் தெரியாது. கருவாட்டுக் கொழம்புன்னா தெருமுக்குலயே நின்னு என்ன மீனுன்னு சொல்லிருவா. பிள்ளை மேல இந்த வாடைய மோந்தா எம்மவள என்ன பேச்சு பேசுவான்னு நெனச்சா..." என்று சொல்லி முடிக்காமல் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். "அந்தச் சோப்பத்தான் ஒண்ணு குடுமேன். நுரைக்காட்டியும் போகுது. வாசமாவது இருக்கும்ல?"

"ஒனக்கு இதை நான் விக்கக் கூடாது, புஷ்பம். பில்லு போட்டா ரூபனுக்குத் தெரிஞ்சிரும், சரக்க நிறுத்திருவான்."

உள்ளேயிருந்து வடிவு வந்தாள். "விக்க வேண்டாம். கைமாத்தாக் குடுங்க."

"கைமாத்து கடைக்கும் கடைக்கும்லா?"

"ஏன், அவ வீட்டுல அடுப்பு எரியல? தீந்து போச்சின்னு வந்து நிக்கா. அவ பக்கம் வந்ததும் திருப்பித் தருவா. இதுக்கு மேல என்னத்துக்குக் கடை?"

சேர்மக்கனி வாசலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. நீளக் கட்டியை எடுத்து, கம்பியைச் சுற்றி இழுத்து, பாதியாக வெட்டி, காகிதம்கூடச் சுற்றாமல் அவள் கையில் வைத்தார். "கைமாத்து. சரக்கு வந்ததும் பாதிக் கட்டி வைக்கணும்."

"வைக்காம எங்க போறேன்?"

அவள் செங்கலைச் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். கால்மணி நேரம் கழித்து எதிர்வீட்டு நடைவழியாக நுரை வந்தது. முதலில் படியில் எட்டிப் பார்த்தது, பிறகு படி இறங்கியது, எட்டு நாளாகத் தேங்கிக் கிடந்த நுரை எல்லாம் அந்தப் பாதிக் கட்டிக்குள்தான் இருந்ததோ என்னவோ, தெருவில் முழங்கால் உயரத்துக்கு ஏறி, கோட்டை மூடிக்கொண்டு, கடை வாசல் செங்கல் அடுக்கின் முதல் வரிசையை நனைத்துவிட்டுத்தான் நின்றது. ராஜபுஷ்பம் முழங்கை வரை வெள்ளையாக வாசலில் நின்று, "அண்ணாச்சீ" என்று கத்தினாள்.

விற்ற சோப்புதான் கோட்டைப் பார்த்துப் பயப்படுகிறது, கொடுத்த சோப்புக்குக் கோடு தெரியவில்லை என்று ஊர் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டது. ஆச்சரியமெல்லாம் படவில்லை, அதற்கு நேரமில்லை, துணி குவிந்து கிடந்தது. மேற்கு வீடுகள் கிழக்கு வீடுகளுக்குக் கைமாத்து கொடுத்தன. மேற்கே டீத்தூள் தீர்ந்தபோது கிழக்கிலிருந்து கைமாத்து வந்தது. ஒரு கட்டிச் சோப்பு புதன்கிழமை காலையில் ஒரு வீட்டிலிருந்து கிளம்பி ஒன்பது வீட்டில் துவைத்துவிட்டு, சாயங்காலம் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு வீடு திரும்பியது. ஆறு மாசமாகப் பேசாத ஓரகத்திகள் சோப்புக்காகப் பேசி, பேசியதால் மறுபடி சண்டை போட்டார்கள். மூணாம் வகுப்பு டீச்சர் இனி ஒன்றே போதும் என்று ஒரு சோப்பை எடுத்துப் பீரோவில் வைத்தாள். வியாழக்கிழமை சம்பந்தியம்மா வந்து, பிள்ளையைத் தூக்கி மோந்து பார்த்து, "ம்" என்றாள். ராஜபுஷ்பத்துக்கு அது போதும்.

அன்று மதியம் சேர்மக்கனி ஷட்டரை இறக்கிவிட்டுப் போய், நாலு மணிக்கு ஏற்றினார். கடைக்குள் கோடு இல்லை.

வாசல்படி வரைக்கும் வந்தது, படியில் நின்றது. பின்பக்கம் கோலத்துக்கு அப்புறம் மறுபடி ஆரம்பித்து உப்பளம் நோக்கிப் போனது. நடுவில் எட்டடிக்குப் பதினெட்டடிக் கடைக்குள், சிவப்புச் சிமெண்ட் தரையில், ஒரு பொட்டு நீலம் கிடையாது. சேர்மக்கனி மல்லி மூடையை நகர்த்திப் பார்த்தார். தராசுக்கு அடியில் பார்த்தார். டார்ச் அடித்து அலமாரிக்குப் பின்னால் பார்த்தார்.

"என்ன தேடுதிய?" என்றாள் வடிவு.

"கோட்டக் காணோம்."

"நீங்களா கொண்டாந்தியோ, தேடுததுக்கு?"

அவருக்குச் சந்தோஷப்பட வேண்டுமா, போலீசுக்குச் சொல்லவேண்டுமா என்று தெரியவில்லை. இத்தனை நாளும் எங்கே நிற்கவேண்டும் என்றாவது அது சொல்லிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் வந்த முதல் ஆளிடம் பழக்கத்தில் வீடு எங்கே என்று கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகு எந்த அலமாரிக்குக் கையை நீட்டுவது என்று விளங்காமல் நடுவில் நின்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். கூடவே கொத்தனாரும் ஒரு சித்தாளும் வந்தார்கள். கொத்தனார் நூலும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், தரையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"எதுல வச்சுக் கட்ட?"

பிரபாகர் குனிந்து பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார், மறுபடி தரையைப் பார்த்தார். "கோடு எங்க அண்ணாச்சி?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து இல்ல சார்."

"என்ன வே, அழிச்சிட்டீரா?" என்றார் பொன்னுத்துரை. ஏலவை விட்டுவிட்டு வேயும் நீருமாக அவர் சேர்மக்கனியைப் பேசியது அதுதான் முதல் தடவை.

"மண்ணெண்ணெய் ஊத்தியே போகாதத நான் எதைக்கொண்டு அழிக்க அண்ணாச்சி?"

"இருக்கட்டும் மாமா" என்றான் ரூபன். "ரெண்டு முனையும் இருக்குல்லா. நூல் பிடிச்சாத் தெரிஞ்சிரும்."

நூல் பிடித்துப் பார்த்தார்கள். கொல்லை முனை மருந்துக் கடைக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது, அதையும் வாசல் முனையையும் சேர்த்தால் நூல் மருந்துக் கடைக்குள் போனது. வளைவு இருந்த இடம் கடைக்குள்தான், கோடு போன பிறகு வளைவு எங்கே என்று நூலுக்குத் தெரியவில்லை. மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து, "என் கடைக்குள்ள நூலு வந்துச்சுன்னா கத்தரிச்சுப்புடுவேன்" என்றார்.

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பிரபாகர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம், அவருக்கும் மேலே ஒருத்தர் இருந்தார், அவருக்கும் வெள்ளிக்கிழமைதான் கெடு. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சாக்பீஸ் வாங்கிவரச் சொல்லி, அதைச் சேர்மக்கனி கையில் கொடுத்தார்.

"தினமும் நீங்க பாத்த கோடுதானே. உங்களுக்குத் தெரியாததா? எங்க இருந்துச்சோ அங்க போடுங்க."

சேர்மக்கனிக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு போட முடியும். கடைசியாக அது மல்லி மூடையிலிருந்து நாலு விரல் தள்ளி ஆரம்பித்து, தராசுக்குக் கீழே லேசாக வயிறு தள்ளி, உள்கதவு நிலையில் இரண்டாவது ஆணிக்கு நேராகப் போனது. மற்ற எதுவும் விளங்காவிட்டாலும் அது மட்டும் அவருக்குத் துல்லியமாக விளங்கியது.

"சரி, அங்க வேண்டாம்" என்றார் பொன்னுத்துரை இறங்கிய குரலில். "ஒனக்குத் தோணுன எடத்துல போடுல சேர்மா. நான் ஒத்துக்கிடுதேன்."

"நானும் ஒத்துக்கிடுதேன்" என்றான் ரூபன். "சுவர ஓரமா ஒட்டிக்கூடப் போடுங்க அண்ணாச்சி. ஏழு அடிய ஒரு பக்கம் வச்சுக்கோங்க. யாரும் கேக்க மாட்டோம்."

"ஒரு கோடு அண்ணாச்சி" என்றார் பிரபாகர். "ரெண்டு நிமிஷம். போட்டீங்கன்னா மத்தியானமே லோடு வரும். போடலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. உங்களுக்கு இனிமே ஒரு தீப்பெட்டிகூட வராது."

ஓரமாக ஒட்டிப் போட்டால் கடை தப்பிவிடும். அதில் சந்தேகமில்லை. சேர்மக்கனி குனிந்தார், முட்டி சடக்கென்றது, சாக்பீஸ் முனை தரைக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது. வடிவு உள்கதவில் சாய்ந்து நின்றாள்.

போடு என்று சொல்ல மூன்று பேர் இருந்தார்கள், வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஏன் கை இறங்க மாட்டேன் என்கிறது என்று அவருக்கே புரியவில்லை. ரோஷமா, பயமா, வெறும் இடுப்புப் பிடிப்பா? எப்படி யோசித்தாலும் தலைக்குள் ஒன்றும் தெளியவில்லை.

"அண்ணாச்சி, கால் கிலோ சீனி" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் சொன்னாள். எந்தப் பக்கத்துப் பெண் என்று தெரியவில்லை.

அவர் நிமிர்ந்து, சீனி அள்ளி, நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அடுத்து ஒருவர் ஒரு வாழைக்காய் கேட்டார். கொடுத்தார். பிரபாகர் "அண்ணாச்சி" என்றார். பொன்னுத்துரை "ஏல" என்றார். கொத்தனார் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் செங்கல் மேல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மத்தியானம் லோடு வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அடுத்த வாரம் அலமாரியில் கடைசித் தீப்பெட்டியும் போய்ப் பலகை தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கம்பெனி ஆட்கள் வந்து அதே கோட்டைப் போடச் சொன்னார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு புதுச் சாக்பீஸ் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். கோடு மட்டும் போடவில்லை.